எடைச்சீட்டின் பின்பக்கம்

வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டி
கேரளத்துப் பக்கம், கூப்பிடு தூரத்தில் என் எடைமேடை.
பகலில் தேங்காய், தவிடு, செங்கல்.
ஞாயிறு ராத்திரி பத்துக்கு மேல் பீர்.

கஸ்பார் கப்பலில் சமையல்காரன்.
லீவுக்குக் கோழிஞ்சாம்பாறை வரும்போதெல்லாம்
லுங்கிகளுக்குள் சுருட்டிய புட்டிகளோடு வருவான்.
"சொல்லுங்கடா, எப்படி இருக்கு?"
போன தடவையிலிருந்து இந்த நச்சரிப்பு அதிகம்.
ஒரு மடக்குக்கு ஒரு கேள்வி.
ஃபாரின் பவிசு என்று நினைத்துக்கொண்டோம்.

எடைச்சீட்டின் பின்பக்கம் நான் எழுதிவைப்பேன்.

முதலாவது ஜெர்மனி. கோதுமை. கலங்கல்.
பிரசன்னன் கிளாசுக்குள் மூக்கை விட்டு எடுத்தான்.
"நேந்திரம்பழம். ஓரத்தில் கிராம்பு.
பழம் அழுகலை, நாளைக்கு அழுகும்."
சாவடியில் மாட்டின் வாய் திறந்து பார்க்கிற உத்தியோகம்;
நுரையையும் அப்படித்தான் பார்த்தான்.
லாரி ஓட்டுகிற நாச்சிமுத்து சொன்னான்:
"கசக்குது."

அடுத்தது பெங்களூரில் காய்ச்சியது.
லேபிளில் கூலிங் கிளாஸ் போட்ட காண்டாமிருகம்.
பம்பளிமாஸ் தோல், வேப்பங்கொழுந்து, தைலமரம்.
பீரா, வாய் கொப்பளிக்கும் மருந்தா என்று
அரைமணி நேரம் சண்டை.
பிரசன்னன் பெண்டாட்டி ஷீபா தீர்ப்புச் சொன்னாள்:
"கசப்பு முன்னால வந்து கதவை உடைக்குது.
தித்திப்பு பின்னாலயே வந்து
தாழ்ப்பாளுக்குக் காசு குடுக்குது."
அப்படியே எழுதிக்கொண்டேன்.
நாச்சிமுத்து: "கசக்குது."

மூன்றாவது பெல்ஜியம்.
தக்கை தெறித்துத் தகரக் கூரையில் பட்டது.
மரப்பீப்பாயில் மூன்று வருஷம் கிடந்ததாம்.
"சாயங்காலக் கள்ளுடா இது" என்றான் பிரசன்னன்.
"இதையே நம்ம தென்னை
நாலு மணிக்குள்ள முடிச்சுக் குடுத்திடும்."

நான்காவது பச்சைப் புட்டி.
லேபிளில் பாதி வெட்டிய ஆரஞ்சு.
கஸ்பார்தான் முதலில் குடித்தான்.
"அருமை. நல்ல ஆரஞ்சு வாசம்."

நாங்கள் முகர்ந்தோம்.
வெயில் பட்டுக் கெட்டுப்போன புட்டி.
ஷீபா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.
கஸ்பார் எங்கள் முகங்களைப் பார்த்தான்,
ஒவ்வொன்றாக, மெதுவாக,
அடுப்பில் எதையோ வைத்து மறந்தவன் போல.

"காய்ச்சல் வந்துச்சு, ஆன்ட்வெர்ப்ல.
காய்ச்சல் இறங்குறப்ப மூக்கும் சேர்ந்து இறங்கிடுச்சு.
ரெண்டு வருஷம் ஆகுது.
கப்பல்ல யாருக்கும் தெரியாது.
எடுபிடிப் பையன் மூஞ்சியைப் பார்த்துத்தான்
பெருங்காயம் போடறேன்."

யாரும் பேசவில்லை.
ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கியது.

"கசப்பு எனக்கே தெரியும், நாச்சி.
புளிப்பு தெரியும், சில்லுன்னு இருக்கறது தெரியும்.
மிச்சத்தைச் சொல்லுங்கடா.
கெட்டுப்போச்சுன்னா
கெட்டதை ஒழுங்காச் சொல்லு."

நாச்சிமுத்து கிளாசை எடுத்தான்.
வெகுநேரம் மூக்கடியில் வைத்திருந்தான்.

"குதிரான் இறக்கம். சுரங்கம் வர்றதுக்கு முந்தின ரோடு.
மழை. முன்னால போற பன்னெண்டு சக்கரத்துக்கு
பிரேக் தீயுது.
கேபின்ல கிளீனர் பையன் ஈரச் சட்டையைக் கழட்டிப் போட்டிருக்கான்.
ரப்பரும் சட்டையும் ஒண்ணாச் சேர்ந்து வருது.
கண்ணாடியை இறக்க முடியாது, சாரல்.
ஓரமா ஒரு நாய், நனைஞ்சுபோய்,
நகர மாட்டேங்குது."

கஸ்பார் கண்ணை மூடி இன்னொரு மடக்கு குடித்தான்.
"ஆமா," என்றான்.
"மோசம்தான்."

எழுத என் சீட்டில் இடம் போதவில்லை.
திருப்பினால் மொத்த எடை, காலி எடை, நிகர எடை.
தவிட்டு லாரியுடையது. மார்ச் மாதம்.

ஐந்தாவது, கறுப்பு, இன்னும் திறக்கவில்லை.
ஹாரன் அடித்தபடி ஒரு லாரி மேடையில் ஏறியது.
எண்கள் ஓடி ஓடி நின்றன.

"என்ன லோடு?" என்றான் கஸ்பார்.

"வெங்காயம்."

"எப்படிப்பட்ட வெங்காயம்?"

ஷீபா செருப்பை விட்டுவிட்டு
டயர்மேல் கால் வைத்து ஏறினாள்.